மூலையில் இருந்த களிமண்

கடைவளாகத்துக்கு முன்னால் வண்டி நிறுத்தும் இடம் முழுக்கத் தார் போடும் வேலை மேஸ்திரிக்குக் கிடைத்தபோது, அவரைவிட அவர் மனைவிக்குத்தான் தலைகால் புரியவில்லை. மண்ணும் ஜல்லியும் அவள் தம்பி பொறுப்பு, தாரும் ரோலரும் புருஷன் பொறுப்பு. மேஸ்திரிக்கும் மைத்துனன் என்றால் உயிர். வேறு யார் போட்ட ஜல்லியானாலும் இறங்கி மிதித்துப் பார்க்காமல் அதன்மேல் தார் போடமாட்டார்.

மேல்மண்ணைச் சுரண்டிய அன்றே, சரக்கு லாரிகள் திரும்புகிற மூலையில் அவர் கால் புதைந்தது.

"இங்க களிமண் நொளநொளன்னு கெடக்குடா. இடுப்பளவு தோண்டி எடுத்துட்டு, பெரிய ஜல்லி போட்டு இறுக்கணும்."

"இதெல்லாம் நீங்க சொல்லணுமா மாமா? நான் பாத்துக்கறேன்," என்றான் மைத்துனன்.

அந்த வாரமே மேஸ்திரி காய்ச்சலில் படுத்துவிட்டார். எழுந்து வந்தபோது இடம் முழுக்க ஜல்லி பரப்பி, தண்ணீர் வடிய வாட்டம் வைத்துச் சீராகக் கிடந்தது.

"அந்த மூலை?"

"தோண்டி நிரப்பியாச்சு மாமா."

அதற்குமேல் கேட்டால் அவனைச் சந்தேகப்பட்டதாகிவிடும் என்று விட்டுவிட்டார்.

தார்க்கலவை ஆவி பறக்க வந்து இறங்கியது. ஆட்கள் பரப்பப் பரப்ப, சூடு ஆறுவதற்குள் அவரே ரோலரை ஓட்டினார். மேலே வெயில், கீழே அனல். வெள்ளைக் கோடுகளும் போட்டு முடித்ததும் கடைவளாகத்து முதலாளி அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

முதல் மழைக்கே ஒரு லாரியின் பின்சக்கரம் அந்த மூலையில் அச்சு வரை இறங்கியது.

முதலாளி இருவரையும் வரச்சொன்னார். மேஸ்திரி வாயைத் திறப்பதற்குள் மைத்துனன் முந்திக்கொண்டான்.

"அடியில ஒரு குறையும் இல்ல சார். தார் ஆறினப்புறம் ரோலர் ஓட்டினா இப்படித்தான் ஆகும். மாமாவுக்கு அப்ப உடம்பு சரியில்ல. நான் எவ்வளவோ சொன்னேன், கேக்கல."

மேஸ்திரி அவன் முகத்தையே பார்த்தார். அவன் லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இத சரிபண்ணிக் குடுத்துடுங்க," என்றார் முதலாளி. "அடுத்து வளாகத்துக்குப் பின்பக்கம் தார் போடுற வேலைய உங்க மச்சானே பாத்துக்கட்டும்."

அன்றைக்கே மேஸ்திரி மூலையை உடைத்தார். தாருக்கு அடியில் ஒரு சாண் ஜல்லி. அதற்கு அடியில் அதே களிமண்.

கையைக்கூடக் கழுவாமல் வீட்டுக்குப் போனார்.

"உன் தம்பி தோண்டவே இல்ல," என்றார்.

மனைவி எதை என்று கேட்கவில்லை.

"உனக்குத் தெரியுமா?"

"நீங்க படுத்திருந்தப்பவே சொன்னான். தோண்டுற மிஷின் கெடைக்கலியாம். உங்க காதுக்குப் போனா வேலைய நிறுத்திடுவீங்கன்னு பயந்தான். எப்படியும் தாங்கும்னானே..."

"வேளாவேளைக்கு மாத்திரை எடுத்துக் குடுத்தியே, அப்பகூடச் சொல்லத் தோணலியா?"

"அவன் என் தம்பிங்க."

"அப்ப நான் யாரு?"



மறுநாள் மேஸ்திரி இடுப்பளவு தோண்டி, ஜல்லி நிரப்பி, தார் போட்டு உருட்டினார். பின்பக்கத்தை அளக்க வந்த மைத்துனன் தயங்கித் தயங்கி அருகில் வந்தான்.

"மாமா..."

"மேஸ்திரின்னு கூப்பிடு," என்று சொல்லிவிட்டு ரோலரைத் திருப்பினார்.

அந்த மூலை பிறகு இறங்கவில்லை. மைத்துனன் அக்கா வீட்டுக்கு வருவதும் நிற்கவில்லை. அவன் குரல் கேட்டதும் மேஸ்திரி செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். எங்கே போகிறீர்கள் என்று மனைவி கேட்பதில்லை.