பின்கதவுக்கு வந்த தச்சர்

சிறையிலிருந்து வெளியே வந்து எட்டு மாதம் ஆகியும் தச்சுப் பட்டறையில் அவனுக்குப் பெயர் ‘கேஸ்’தான். யாரும் வன்மமாகக் கூப்பிடவில்லை; வாய்க்குச் சுலபமாக இருந்தது, அவ்வளவுதான். ஒருநாள் உளி ஒன்றைக் காணவில்லை என்றதும் முதலாளி நேராக வந்து அவன் பையைக் கவிழ்த்தார். உளி மேசைக்கடியில் மரத்தூளுக்குள் கிடந்தது. எல்லோரும் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். சிதறிய சாமான்களை அவனே பொறுக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

மாதாமாதம் கையெழுத்துப் போடப் போகும் இடத்தில் நன்னடத்தை அதிகாரியிடம் இதைச் சொன்னான். எப்படியும் திருடன்தான் என்றால் திருடிவிட்டே போகலாமே என்று தோன்றுவதையும் மறைக்கவில்லை. அந்த அம்மாள் திட்டவில்லை. அவன் திருடப் புகுந்த வீட்டின் சொந்தக்காரி அவனைச் சந்தித்துப் பேசக் கேட்டிருப்பதாகவும், வருவதும் வராததும் அவன் விருப்பம் என்றும் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் அக்காவிடம் சொன்னான்.

“நான் கூட வரேன்,” என்றாள் அக்கா. “ஆனா உனக்காகப் பேச மாட்டேன்.”

அதிகாரியின் அலுவலகத்தில் அவர்களைச் சந்திக்க வைத்த அறையில் மேசை இல்லை. வட்டமாக ஐந்து நாற்காலிகள். அந்த வீட்டின் சொந்தக்காரி ஒரு நர்ஸ். பக்கத்தில் அவள் தம்பி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இந்தத் திருடனிடம் என்ன பேச்சு என்று அவர் ஆரம்பித்ததும் அதிகாரி குறுக்கிட்டார்: இங்கே நடந்ததைப் பேசுவோம், ஆளுக்குப் பட்டம் வேண்டாம்.

நர்ஸ் சுற்றி வளைக்கவில்லை. “எங்க வீட்டை எத்தனை நாளா நோட்டம் விட்டீங்க? என் பொண்ணு ரூமுக்குள்ள போனீங்களா?”

கோர்ட்டில் யாரும் இதைக் கேட்கவில்லை. அங்கே எடுத்தாயா, இல்லையா என்பதோடு சரி.

“நோட்டமே விடலை மேடம். அந்தத் தெருவுக்கு வந்ததே அன்னைக்குத்தான். பூட்டின வீடு, பழைய பின்கதவு. நெம்பிட்டேன். ஹாலைத் தாண்டலை. அங்க ஒரு சின்ன செருப்பு கிடந்துச்சு. அதைப் பார்த்ததும் பயந்துபோய், கையில கிடைச்ச லேப்டாப்போட ஓடிட்டேன்.”

நர்ஸ் முகத்தைப் பொத்திக்கொண்டாள். தன் டியூட்டி நேரம் தெரிந்த யாரோ பின்தொடர்வதாகவே இரண்டு வருடமாக நினைத்துப் பயந்ததை மெல்லச் சொன்னாள். பதினொரு வயது மகள் இன்னும் தனியாகக் குளியலறைக்குப் போவதில்லை. அலமாரியை இழுத்துப் பின்கதவை அடைத்து வைத்திருக்கிறார்கள்.

அவனால் நிமிர முடியவில்லை. “லேப்டாப்பைத்தான் எடுத்தேன்னு நினைச்சிட்டு இருந்தேன். இவ்வளவு எடுத்திருக்கேன்னு தெரியாது. மன்னிச்சிருங்க மேடம்.” அக்கா அழுதாள், சொன்னபடி வாயைத் திறக்கவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்ட நர்ஸ், அவன் இப்போது என்ன வேலை செய்கிறான் என்று விசாரித்தாள். தச்சு வேலை என்றான்.

“அப்ப அந்தக் கதவை நீங்களே செஞ்சு மாட்டுங்க.”

தம்பி எழுந்தே விட்டார். புத்தி கெட்டுப்போச்சா என்று தன் அக்காவான நர்ஸிடம் சீறினார். அவள் அசையவில்லை. “கதவுல எந்த இடத்துல பலம் பத்தாதுன்னு உடைச்சவருக்குத்தானே தெரியும்?”

ஞாயிற்றுக்கிழமை காலை புதுக்கதவோடு போனான். தம்பி நாற்காலியைப் போட்டுக்கொண்டு காவலுக்கு உட்கார்ந்துவிட்டார். உள்ளிருந்து எட்டிப் பார்த்த மகள் இவர் யார் என்று கேட்டாள். தம்பி வாயெடுக்கும் முன் நர்ஸ் சொன்னாள்: “நம்ம கதவைச் சரி பண்ண வந்த தச்சர்.”

அவன் கையிலிருந்த திருகாணி நழுவி விழுந்தது. குனிந்து எடுத்தவனுக்கு நிமிரச் சற்று நேரம் பிடித்தது.

ஒற்றை ஆளாகக் கதவைத் தூக்கிக் கீலில் உட்கார வைக்க முடியவில்லை. இரண்டு முறை வழுக்கியது. மூன்றாம் முறை தம்பியே வந்து அடியில் தோள் கொடுத்தார். தாழ்ப்பாள் போட்டதும் மகள் தள்ளிப் பார்த்தாள், பிறகு கைப்பிடியில் தொங்கியே பார்த்தாள். அசையவில்லை. அவள் சிரித்த சிரிப்பில் தம்பிக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

கிளம்பும்போது அவர் வாசல்வரை வந்தார். “எங்க வீட்டுப் பாத்ரூம் கதவு மழையில ஊறி, சாத்தவே வரலை. ஒருநாள் வந்து பார்க்கிறீங்களா?”

புதன்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டு அவன் கதவின் அளவை விசாரித்தான்.