காருக்குப் போக ஒரு கார்

1

ஞாயிறு காலை ஆறே முக்கால் மணிக்கு ராஜேந்திரன் தன் காரில் ஏறுவதற்காக இன்னொரு காரில் ஏறினார்.

கதைக்காக எழுதிய வரி இல்லை இது. வேகக் கார் வைத்துக்கொள்ள உண்மையில் என்ன செலவு, சிக்கனக் காருக்கு என்ன செலவு என்று ஒரு மோட்டார் பத்திரிகை என்னிடம் கட்டுரை கேட்டது. உதாரணத்துக்கு ஓர் ஆள் தேவைப்பட்டார். ஏற்காட்டில் லாட்ஜ் நடத்தும் ராஜேந்திரனை உண்டாக்கினேன். இரண்டு காரையும் அவருக்கே கொடுத்தேன். அதோடு அவர் அடங்கியிருக்க வேண்டும்.

[இங்கே ஓர் அட்டவணை இருந்தது. பெட்ரோல், டயர், இன்ஷூரன்ஸ். எடுத்துவிட்டேன். அதில் மனைவிக்குக் கட்டம் இல்லை.]

2

மனைவி சசிரேகா. வீடு கிளியூரில், காப்பித் தோட்டத்துக்குள் போகும் கல்பாதையின் கோடியில். பெங்களூரில் செகண்ட் ஹேண்டாக வாங்கிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் அந்தப் பாதையில் வராது. அதன் வயிறு தரையை ஒட்டி இருக்கிறது. எனவே அது பஜாரில், லாட்ஜ் ஷெட்டில், உறை போர்த்திக்கொண்டு நிற்கிறது.* தினமும் அதனிடம் அவரைக் கொண்டுபோய் விடுவது சசிரேகா ஓட்டும் பழைய சின்னக் கார்.

அந்தக் காரில்தான் அவள் பிழைப்பு. ஏரிப் பக்கம் சமையற்கட்டு இல்லாத மூன்று விடுதிகளுக்குக் காலை டிபன் அவளுடையது. பின் சீட்டை மடக்கி இட்லிக் குண்டாவையும் சாம்பார் அண்டாவையும் ஏற்றுவாள். சட்னித் தூக்கு முன் சீட்டில், ராஜேந்திரன் மடியில்.

"பாத்துப் போ புள்ள, சட்டையில கொட்டுது."

"உங்க வண்டியில கொட்டாதுங்க. அதுல தூக்கு வெக்கவே எடமில்லையே."

* மலைப்பாதையில் அதை என்ன வேகத்தில் ஓட்டுகிறார் என்று கேட்கலாம். சேலம் பஸ்ஸுக்குப் பின்னால், பஸ்ஸின் வேகத்தில்.

3

வேறு தொடக்கங்களும் எழுதிப் பார்த்தேன்.

சேர்வராயன் மலைமேல் மூடுபனி விலகியபோது,

இல்லை.

வேகத்தின் மீது மனிதனுக்குள்ள ஆதி வேட்கை

இதை எழுதிய கையை என்ன சொல்ல.

நடந்தது இவ்வளவுதான். சிவப்புக் காரின் டயர்கள் வழுவழுத்துப்போயின. பிரேக் முனகியது. அவற்றை மாற்ற, சின்னக் காரை விற்பதென்று ராஜேந்திரன் முடிவு செய்தார். சிவப்பை விற்கும்படி நான் அவரை நாலு வரைவுகளில் கெஞ்சினேன். ஒவ்வொரு முறையும் அதே பதில்.

"அது பக்கத்துல நின்னு போட்டோ எடுக்கவே லாட்ஜுக்கு ஆளு வருதுங்க."

போட்டோ எடுக்கிறார்கள். தங்குவது எதிர் லாட்ஜில்.

3 (மறுபடியும்)

"நா டிபனுக்கு எதுல போறதுங்க?" என்றாள் சசிரேகா.

"ஜீப்ப வாடகைக்கு வெச்சுக்கோ."

"ஜீப்புக்காரருக்குக் குடுத்துட்டா எனக்குக் காலிக் குண்டாதான் மிஞ்சும்."

"பெரிய வண்டி இருக்குதில்ல?"

"அது ஊட்டுக்கே வராதுங்க. அதப் பாக்க நாமதான் போறோம், ஆஸ்பத்திரியில கெடக்கற மாமனப் பாக்கப் போறாப்புல."

அவர் சிரிக்கவில்லை. சின்னக் காரின் ஆர்சி புக்கும் அவர் பேரில் இருந்தது. நான்தான் அப்படி வைத்தேன். கட்டுரைக்கு அது போதும் என்று நினைத்தேன்.

4

சின்னக் காரை வாங்குவதற்குச் சேலத்திலிருந்து புரோக்கர் கிங்ஸ்டன் வருகிறார், குப்பனூர்ச் சாலை வழியாக. ஒரு வரைவில் அந்தச் சாலையில் மண் சரிய வைத்தேன். அடித்துவிட்டேன். மழை வந்து காப்பாற்றினால் அது கதை இல்லை, வானிலை அறிக்கை. இன்னொன்றில் சசிரேகா சாவியை ஏரியில் எறிந்தாள். எறிய மாட்டாள், எட்டு மணிக்கு டிபன் போயாக வேண்டும். மூன்றாவதில் காரை நானே வாங்கி அவளுக்குக் கொடுத்தேன். எனக்கு ஓட்டவே தெரியாது.

ஆகவே கிங்ஸ்டன் வந்துவிட்டார். ஏரிக்கரையில், கடைசி விடுதி வாசலில் நிற்கிறார். குண்டாக்கள் இறங்கிவிட்டன. சக்கரத்தை உதைத்துப் பார்த்தார். பானெட்டைத் திறந்து மூடினார். கையைத் துடைத்துக்கொண்டார்.

நம் பக்கத்தில் யாரும் காரின் வேகத்தைக் கேட்பதில்லை. மாட்டைக் கேட்பதுபோல, எவ்வளவு கொடுக்கிறது என்பார்கள். எல்லோரும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள். ராஜேந்திரன் சிவப்புக் காருக்குச் சொல்லும் மைலேஜைக் கேட்டு பெட்ரோல் பங்க்காரரே வாய் பிளந்திருக்கிறார். கிங்ஸ்டனுக்கு இது தெரியும். அதனால் சொந்தக்காரரை நம்புவதில்லை, ஓட்டுகிறவரைக் கேட்பார்.

ராஜேந்திரன் மகிழ்ச்சியாக நிற்கிறார். சசிரேகா அந்தக் காரின் மைலேஜைக் கூட்டியும் சொன்னதில்லை, குறைத்தும் சொன்னதில்லை. மெய்யான கணக்கே கேட்பவரை மயக்கும். அதைச் சொன்னால் கார் இன்றைக்கே மலை இறங்கிவிடும். பாதியாகச் சொன்னால் கிங்ஸ்டன் வெறுங்கையோடு இறங்குவார். அவ்வளவு உழைத்த வண்டியைப் பற்றி, அதன் முகத்துக்கு நேரே, அவள் அப்படிச் சொல்ல வேண்டும்.

என்னால் இதற்குமேல் இவர்களோடு முடியாது. அவள் வாயில் எதையும் வைக்க மாட்டேன். நீங்கள் வையுங்கள்.

கிங்ஸ்டன் அவள் பக்கம் திரும்பினார்.

"அண்ணன் சொல்றது இருக்கட்டுங்க. ஓட்டறது நீங்கதானுங்களே, உள்ளதச் சொல்லுங்கக்கா. லிட்டருக்கு எவ்ளோ குடுக்குது?"