மேகமில்லாத மின்னல்

விமர்சகர் நாற்காலியை ஓவியத்துக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்ததும் மருமகள் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். இடது கையால் வைத்தாள். வலது கை துப்பட்டாவுக்குள் இருந்தது. மணிக்கட்டு கன்றி வீங்கியிருந்ததை மறைந்த ஓவியரின் மனைவி காலையிலேயே பார்த்துவிட்டாள். கதவிடுக்கில் நசுங்கிவிட்டதாம். அந்தக் கதவுப் பொய்யை இந்த வீட்டில் முதன்முதலில் சொன்னவளே இந்தக் கிழவிதான்.

ஓவியத்தில் மஞ்சள் புல்வெளி, தூரத்தில் ஒரு குன்று, துடைத்துவிட்டது போல நீல வானம். அந்த வானத்தைக் குறுக்கே பிளந்துகொண்டு ஒரு வெள்ளை மின்னல்.

"ஒரு பொட்டு மேகம் இல்ல, மின்னல் மட்டும் விழுது பாருங்க," என்றார் விமர்சகர். "ஊரடங்கு சமயத்துல வரைஞ்சது. தெருவுல சுட்டுத் தள்ளிக்கிட்டிருந்தாங்க. காரணமே இல்லாம மனுஷன் மேல விழற அடி, அதைத்தான் சொல்றார். என்ன தைரியம் இருக்கணும்."

மகனுக்கு முகமெல்லாம் பல். விமர்சகர் எழுதினால்தான் அப்பாவின் படம் அருங்காட்சியகத்துக்குப் போகும்.

"நீங்களும் வரைவீங்களா? புலிக்குப் பிறந்தது பூனையாகுமா?" என்று மகனைக் கேட்டார் விமர்சகர்.

ஆகாது. கிழவியின் வயிற்றெரிச்சலே அதுதான்.

தைரியமாம், மண்ணாங்கட்டி. முதல் வெடிச்சத்தத்துக்கே கட்டிலுக்கு அடியில் போனவர் அந்த மனுஷர். "சத்தம் நின்னு போச்சு, சாப்பிட வாங்க" என்று குனிந்து கூப்பிட்டாள், அவ்வளவுதான் அவள் செய்த குற்றம். சுட்டவனை ஏனென்று கேட்க முடியாது. ஒளிந்து கிடந்ததைப் பார்த்தவளைக் கேட்கலாம் அல்லவா? முடியைப் பிடித்து இழுத்துவந்து, பாதி வரைந்திருந்த இந்தப் படத்தோடு சேர்த்து மோதினார். வண்ணம் சுரண்டுகிற கத்தி காது மடலைக் கிழித்து, பின்னாலிருந்த வானத்தையும் கிழித்தது. புல்வெளியில் ரத்தம் சொட்டியது. அவர் பதறிப்போய்ப் புல்வெளியைத் துடைத்தார். பிறகு அவளுடைய பூப்போட்ட ரவிக்கையிலேயே ஒரு துண்டை வெட்டிக் கிழிசலுக்குப் பின்னால் ஒட்டினார். முன்பக்கத் தழும்பை மறைக்க மின்னல் வந்தது.

"நீங்க கூடவே இருந்தீங்களேம்மா. நான் சொல்றது சரிதானே?"

"அம்மாவுக்கு இதெல்லாம் என்ன சார் தெரியும்," என்றான் மகன்.

மருமகளின் கையிலிருந்த தட்டு மேசையில் இடித்துத் தேநீர் தளும்பியது. மகன் சும்மா திரும்பித்தான் பார்த்தான். அதற்கே அவள் தோள்கள் ஒடுங்கிக் கண்கள் இறுக மூடிக்கொண்டன. அந்த ஒடுங்கல் கிழவிக்கு அத்துப்படி.

"சரிதான் சார். காரணமே இல்லாமத்தான் விழுந்துச்சு," என்று எழுந்துபோய்ப் படத்தை ஆணியிலிருந்து கழற்றினாள். "பின்பக்கத்தையும் பாத்துட்டு எழுதுங்க."

மகன் பாய்ந்து வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினான். அப்பனின் பிடி, அச்சு அசல். எலும்பு நெரிந்தது.

"கீழ வைம்மா."

அவள் விடவில்லை. மகனின் பிடியைக் கண்ணால் காட்டி விமர்சகரிடம் சொன்னாள்: "இவ கையை நசுக்குன கதவு இதுதான் சார்."

அவன் மறுகையை ஓங்கினான். படம் நழுவித் தரையில் குப்புற விழுந்தது. பழுப்பேறிய துணியின் நடுவே ரவிக்கையின் சின்னச் சின்னப் பூக்கள், அவற்றின் மேல் துருப்பிடித்தது போல ஒரு கறை. விமர்சகர் பேனாவை மூட மறந்து எழுந்து நின்றார். ஓங்கிய கை இன்னும் இறங்கவில்லை.

மருமகள் துப்பட்டாவை விலக்கினாள். வீங்கிக் கறுத்த வலது கையை எடுத்து மேசையின் மேல், விமர்சகரின் கோப்பைக்குப் பக்கத்தில், ஜன்னல் வெளிச்சத்தில் வைத்தாள்.