ஒன்பதாம் நம்பர் ஜெர்சி

ஞாயிற்றுக்கிழமை காலை காபி குடித்த கையோடு நாராயணசாமி ரிப்போர்ட் எழுத உட்கார்ந்தார். வலது முழங்காலில் மங்களம் கட்டிவிட்ட வெந்நீர்த் துணி ஆறிப்போய்ச் சில்லென்றிருந்தது. பரீட்சை அட்டையைத் தொடைமேல் வைத்து, இரண்டு தாள்களுக்கு நடுவே கார்பனைச் செருகி, 14 செப்டம்பர் 1996, பதின்மூன்றாவது வாரம் என்று மேலே எழுதினார். பதின்மூன்று சனிக்கிழமை போய்விட்டது, இன்னும் ஒன்றுதான் என்று நினைத்தபோது சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று அவருக்கே பிடிபடவில்லை. உடம்புக்கு மட்டும் அந்தக் குழப்பம் இல்லை. அது எப்போதோ போதும் என்று சொல்லிவிட்டது.

வார நாட்களில் அவர் மாநகராட்சி வார்டு ஆபீஸில் பிறப்பு இறப்புப் பதிவேடு எழுதும் குமாஸ்தா. பெயரில் ஓர் எழுத்து தப்பினாலும் நாலு வருஷம் கழித்து ஜனங்கள் வந்து கவுண்டரில் நின்று உயிரை எடுப்பார்கள். அதனால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எழுதுகிறவர் என்று பெயர் வாங்கியிருந்தார். சனிக்கிழமை மத்தியானம் கறுப்புச் சட்டையைப் போட்டு விசிலை மாட்டிக்கொண்டால் பெயர்கள் போய் நம்பர்கள் வந்துவிடும். நகரக் கல்லூரிகள் கால்பந்து லீக்கில் இருபத்திரண்டு வருஷமாக அவர் ரெஃப்ரி. எட்டுக் கல்லூரிகள், பதினான்கு வாரம், ஜூன் கடைசியில் தொடங்கி செப்டம்பர் வரைக்கும் பெங்களூர்த் தூறலும் செம்மண் சேறும். மைதானத்திலிருந்து பஸ் ஏறினால் பக்கத்து சீட்டில் யாரும் உட்கார மாட்டார்கள்.

ஐம்பது வயதானால் ரெஃப்ரிக்கு ஓய்வு. ஓய்வு பெறுகிறவருக்கு சீசனின் கடைசி ஆட்டத்தை, முடிந்ததும் கோப்பை கொடுக்கிற அந்த ஆட்டத்தை, ஒதுக்குவது லீக்கின் வழக்கம். நாராயணசாமிக்கு இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூடக் கோப்பை ஆட்டம் வந்ததில்லை. பட்டியலின் அடியில் கிடப்பவர்கள் ஒருவரையொருவர் உதைத்துக்கொள்ளும் ஆட்டமாகப் பார்த்துத்தான் அவர் தலையில் கட்டுவார்கள். இந்த வருஷம் யார் தயவும் இல்லாமல் அது அவரைத் தேடி வருகிறது. இருபத்திரண்டு வருஷம் சேற்றுச் சட்டையைத் துவைத்தாளே தவிர, மங்களம் ஒரு ஆட்டத்துக்கும் வந்தவளில்லை. இந்தத் தடவை வருகிறேன் என்று தானாகச் சொன்னாள். அண்ணன் வீட்டுக்கும் சொல்லி அனுப்பிவிட்டாள். அவருக்கு உள்ளுக்குள் பெருமை தாங்கவில்லை, வெளியே மட்டும் எதற்கு இந்த ஆர்ப்பாட்டம் என்று அலுத்துக்கொண்டார்.

ரிப்போர்ட்டில் அட்டை வாங்கியவர்கள் பகுதிக்கு வந்தார். மழையில் ஊறி உப்பியிருந்த நோட்டில், 31வது நிமிஷம் 9 மஞ்சள் என்று இருந்தது. 76வது நிமிஷம் மறுபடி 9 மஞ்சள், ஒரே ஆளுக்கு இரண்டு மஞ்சள் என்பதால் பிறகு சிவப்பு. பெயர் எழுதுவதற்காக மாற்று ஆட்டக்காரர் சீட்டை எடுத்துப் பார்த்தார். 62வது நிமிஷத்தில் சஞ்சய் வெளியே, ரெமிஜியஸ் உள்ளே. சஞ்சய்தான் 9. ரெமிஜியஸுக்குச் சீட்டில் 14 என்று போட்டிருந்தது. அறுபத்திரண்டில் வெளியே போனவன் எழுபத்தாறில் எப்படி இன்னொருவன் சட்டையைப் பிடித்து இழுத்தான்? நாராயணசாமி பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

இவர்கள் இருவரும் ஆடும் அடுகோடி ஈவினிங் காலேஜிடம் இருப்பதே பதினொரு ஜெர்சிதான். பதினாலாம் நம்பர் என்பது சீட்டில் மட்டும் உண்டு. மாற்று ஆட்டக்காரன் இறங்கும்போது கோட்டோரத்தில் இரண்டு பையன்களும் சட்டையைக் கழற்றுவார்கள். வெளியே வருகிறவனின் நனைந்த ஜெர்சியை உள்ளே போகிறவன் மாட்டிக்கொள்வான். விதிப்புத்தகத்தின்படி தனி நம்பர் இல்லாதவனை இறக்கினால் அந்த ஆட்டமே தோற்றதாகிவிடும். இல்லாதப்பட்ட காலேஜ்கள் நாலைந்து உண்டு, எல்லாரையும் தோற்கடித்துவிட்டு யாரை வைத்து லீக் நடத்துவது? அதனால் அந்த அரை நிமிஷம் ரெஃப்ரிகள் குனிந்து கடிகாரத்தைப் பார்ப்பார்கள். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, எல்லாரும் பார்ப்பார்கள். பார்த்து முடித்ததும் நாராயணசாமி தன் நோட்டில் அந்த நம்பர் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்துக்கொள்வார், ஆள் மாறிவிட்டான் என்பதற்கு அடையாளமாக. நேற்று மழை பிடித்துக்கொண்டிருந்தது. நோட்டை எடுத்தால் நனையும், அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

ரெமிஜியஸ் சொல்லத்தான் சொன்னான். சிவப்பு அட்டையைப் பார்த்ததும் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, “சார், அது நான் இல்ல சார்” என்றான். இருபத்திரண்டு வருஷத்தில் அட்டை வாங்கிய எவனாவது அதைச் சொல்லாமல் இருந்திருக்கிறானா? கையை நீட்டி வெளியே போகச் சொன்னார். கேப்டன் ஓடிவந்தான், வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான். அவர்களுடைய பி.டி. மாஸ்டர் உத்தமன் நாற்காலியை விட்டு எழுந்து, அப்படியே உட்கார்ந்தார். ஏன் உட்கார்ந்தார் என்பது நாராயணசாமிக்கு இப்போதுதான் விளங்கியது. முதல் மஞ்சள் சஞ்சயுடையது என்று சொன்னால், ஜெர்சி மாறியதையும் சொல்லவேண்டி வந்திருக்கும்.

பதினோரு மணிக்கு அந்த உத்தமனே வந்து நின்றார். கையில் பேக்கரி பன் பொட்டலம். ஸ்ரீராம்புரத்துச் சந்துக்குள் மூன்று பேரிடம் வழி கேட்டுக் கண்டுபிடித்து வந்தாராம். அதையும் இதையும் பேசிவிட்டு விஷயத்துக்கு வந்தார். ரெமிஜியஸுக்கு இருபத்துமூன்று வயது, கடைசி வருஷம், பகலில் லேத் பட்டறையில் வேலை. அடுத்த சனிக்கிழமை இவர்கள் ஆடும் கோப்பை ஆட்டத்துக்கு ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையின் விளையாட்டு அதிகாரி வருகிறார். தங்கள் டீமுக்கு இரண்டு பேரை எடுக்கப்போகிறார்கள், எடுத்தால் நிரந்தர வேலை. இவனைப் பார்ப்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். சிவப்பு வாங்கியவன் அடுத்த ஆட்டம் ஆட முடியாது. அடுத்த சீசன் என்று அவனுக்கு ஒன்றும் கிடையாது.

அவ்வளவுதானே, ஜெர்சி மாறியதை உள்ளபடி எழுதிவிடுகிறேன், சிவப்பு ரத்தாகிவிடும் என்றார் நாராயணசாமி. உத்தமனுக்கு முகம் வெளுத்துவிட்டது.

“அத மட்டும் எழுதாதீங்க சார். ஜெர்சி மாத்தினோம்னு பேப்பர்ல வந்தா மேட்ச் போச்சு, தண்டனையா டீம பி டிவிஷனுக்கு எறக்கிடுவாங்க. எப்படா சாக்கு கெடைக்கும்னு பிரின்சிபால் காத்துனு கிறார், ஃபுட்பாலையே நிறுத்திடுவார். சொல்ப அட்ஜஸ்ட் பண்ணுங்க சார்.” கொஞ்சம் நிறுத்தி, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “ஒரு பையன் போனா போறான்.”

நாராயணசாமிக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. ஆனால் சொன்னவர் நிமிரவே இல்லை. தம்ளர் காபியைக் குடிக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தார். இந்த மனிதனும் பதின்மூன்று சனிக்கிழமை மழையில் உட்கார்ந்தவன்தானே என்று தோன்றியதும் கோபம் இறங்கிவிட்டது. யோசிக்கிறேன் என்று சொல்லி அனுப்பிவைத்தார்.

எல்லாவற்றையும் கேட்டபடி உள்ளே பருப்பு கடைந்துகொண்டிருந்த மங்களம், கதவு சாத்தியதும் வந்தாள்.

“அந்த நம்பர எழுதினது யாரு?”

“நான்தான்.”

திரும்பிப் போய்ப் பருப்பைக் கடைந்தாள். அன்று முழுவதும் தாள்கள் அட்டையில் அப்படியே இருந்தன.

திங்கட்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு அடுகோடிக்குப் போனார். எதற்குப் போகிறோம் என்று அவருக்கே தெளிவில்லை. பையனிடம் கோபம் இருந்தால் வாங்கிக்கொண்டு வரலாம், வாங்கிக்கொண்டால் மனசு ஆறும் என்று ஒரு எண்ணம். பட்டறை தகரக் கொட்டகைக்குள் இருந்தது. ரெமிஜியஸ் லேத்தை நிறுத்திவிட்டு, எண்ணெய்க் கையைப் பனியனில் துடைத்துக்கொண்டு வந்தான். மைதானத்தில் பார்த்ததைவிட ஒல்லியாக, வயது கூடியவனாகத் தெரிந்தான். நாராயணசாமி தப்பு தன்னுடையது என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

“அன்னிக்கே சொன்னேனே சார்” என்றான் அவன்.

“எல்லாரும் அதத்தானேப்பா சொல்றாங்க.”

“ஆமா சார். நானும் மத்த நாள்லாம் சும்மா சொல்லிக்கிறேன்.” லேசாகச் சிரித்தான். பிறகு, ஜெர்சி விஷயத்தை எழுதவேண்டாம், டீமில் இன்னும் பதினஞ்சு பசங்க இருக்கிறார்கள் என்றான். உத்தமன் சொல்லிக்கொடுத்ததா, தானாகச் சொன்னானா, தெரியவில்லை. முதலாளி உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். அவன் போய் லேத்தைப் போட்டான். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது நாராயணசாமிக்கு. பஸ் ஸ்டாப் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து, இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு, ரிப்போர்ட்டை எழுதி முடித்தார்.

லீக் செயலாளர் கோவிந்தப்பா தன் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டின் பின்னறையில்தான் லீக்கையும் நடத்தினார். அவரும் பழைய ரெஃப்ரி, கன்னடக்காரர், நாராயணசாமியிடம் தமிழில்தான் பேசுவார். முன்னறையில் பத்துப் பதினைந்து டைப்ரைட்டர்கள் படபடத்துக்கொண்டிருக்க, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரிப்போர்ட்டைப் படித்தார். மழையில் என் பார்வை மங்கி, பதினாலாம் நம்பரை ஒன்பது என்று எடுத்துக்கொண்டேன், அந்த ஆட்டக்காரர்மேல் தவறில்லை, சிவப்பு அட்டையை ரத்து செய்யவேண்டும் என்று எழுதியிருந்தது. இரண்டு தடவை படித்தார்.

“பதினாலு எப்படி ரீ ஒம்போதா தெரியும்?”

கோவிந்தப்பா எதிர்ச் சுவரைக் காட்டினார். உள்ளங்கை அகலத்துக்குத் தேதி போட்ட காலண்டர் அங்கே தொங்கியது.

“அது என்னன்னு படிங்க.”

பதினாறு என்பது பளிச்சென்று தெரிந்தது. பிறந்தவர் பெயரும் இறந்தவர் பெயரும் பிசகாமல் எழுதிய கண். “சரியா தெரியல சார்” என்றார்.

கோவிந்தப்பா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அவரும் அந்த நாளில் எத்தனையோ தடவை கடிகாரம் பார்த்தவர். “ஆய்த்து, சரி” என்று சொல்லி ரப்பர் ஸ்டாம்பை எடுத்துக் குத்தினார். பிறகு முகத்தைப் பார்க்காமல், பார்வை இல்லை என்று கைப்பட எழுதிக்கொடுத்தவரிடம் கோப்பை ஆட்டத்தை எப்படிக் கொடுப்பது என்று கேட்டார். கொடுக்க முடியாதுதான் என்றார் நாராயணசாமி. விசிலை என்ன செய்வதென்று தெரியாமல் திரும்பப் பையிலேயே போட்டுக்கொண்டு வந்தார்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது மங்களம் இஸ்திரி போட்டு வைத்திருந்த கறுப்புச் சட்டையை எடுத்து டிரங்குப் பெட்டிக்குள் வைத்தாள். அண்ணனுக்கு வரவேண்டாம் என்று பக்கத்துக் கடையிலிருந்து போன் பண்ணிவிட்டு வந்தாள். “நான் வரேன்” என்று மட்டும் சொன்னாள்.

சனிக்கிழமை இரண்டு பேரும் சிமெண்ட் படிகளில் உட்கார்ந்திருந்தார்கள். தூறல் விட்டுவிட்டுப் போட்டது. மங்களம் குடையைப் பிடித்துக்கொண்டு, பந்து எங்கே போகிறது என்று பார்க்காமல் கறுப்புச் சட்டைக்காரன் எங்கே போகிறான் என்றே பார்த்தாள். இவ்வளவு தூரமா ஓடுவீர்கள் என்று கேட்டாள். புது ரெஃப்ரிக்கு முப்பது வயது இருக்கும். லீக்குக்கு இந்த வருஷம்தான் வந்தவன். நன்றாக ஓடினான், ஒவ்வொரு த்ரோவுக்கும் கால் கோட்டைத் தாண்டுகிறதா என்று குனிந்து பார்த்தான். எதிரே ஷெட்டுக்குள் தொழிற்சாலை அதிகாரி மடியில் ஒரு நோட்டுடன் உட்கார்ந்திருந்தார்.

ஐம்பத்தெட்டாவது நிமிஷம் உத்தமன் சீட்டை லைன்ஸ்மேனிடம் நீட்டினார். ரெமிஜியஸ் எழுந்தான், வெற்று மார்போடு. இந்த ஒரு வாரத்தில் எப்படியாவது ஒரு ஜெர்சி தைத்திருப்பார்கள் என்று நாராயணசாமி நம்பியிருந்தார். தைக்கவில்லை. சஞ்சய் கோட்டோரத்துக்கு ஓடிவந்து, உடம்போடு ஒட்டிக்கொண்ட ஒன்பதைத் தலைவழியாக உரிக்கத் தொடங்கினான். அது கழுத்தில் மாட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. ரெமிஜியஸும் சேர்ந்து பிடித்து இழுத்தான். புது ரெஃப்ரி நடு மைதானத்தில் இடுப்பில் கைவைத்து நின்று, அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.

நாராயணசாமி சட்டென்று குனிந்து தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நிமிரவில்லை. பக்கத்துப் படியில் யாரோ ஏதோ கத்தினார்கள். விசில் ஒன்றும் கேட்கவில்லை, கடிகாரக் கண்ணாடிமேல் ஒரு துளி விழுந்து நின்றது, அதைக்கூட அவர் துடைக்கவில்லை.

“மணி என்னங்க?” என்றாள் மங்களம்.

கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தவருக்குச் சொல்லத் தெரியவில்லை.