இடப்பக்கம் சரிந்த கிரீடம்

கிரீடம் இடப்பக்கம் கொஞ்சம் சரிந்திருந்தால்தான் எனக்கு எடுப்பு. நேராக வைத்தால் யாரோ பிடித்துவைத்துப் போட்டுவிட்டதுபோல இருக்கிறது. ராணி என்றால் ஒரு அலட்சியம் வேண்டாமா?

கண்ணாடியைப் பார்த்துக் கிருபாமலர் இப்படி நினைத்துக்கொண்டாள். கையில் குளியலறை கழுவும் மஞ்சள் கையுறை இருந்தது. அது அவளுடைய ராணித்தனத்துக்கு ஒரு குறையாகவே தோன்றவில்லை.

பெரிய கேளிக்கைப் பூங்காவின் வாசலில் நிற்கும் கோட்டை ஹோட்டல் அது. முதல் மாடியில் கடற்கொள்ளையர் அறைகள், அதற்கு மேலே டிராகன் அறைகள், உச்சியில் ராணி அறைகள். ஒவ்வொரு ராணி அறையிலும் தங்கநிறப் பிளாஸ்டிக்கில் ஒரு கிரீடம் உண்டு. பிள்ளைகளோடு வரும் அம்மாமாரும் படமெடுக்க ஆசைப்படுவார்கள் என்று பெரிய தலைக்கும் பொருந்தும்படி செய்திருந்தார்கள். தங்கியவர்கள் போனபின் அதைத் துடைத்துத் தலையணைமேல் வைப்பது கிருபாமலரின் வேலை. துடைப்பதற்கும் வைப்பதற்கும் இடையில் அவள் செய்வது வேலையில் சேராது. கண்டால் மேற்பார்வைக்காரி பெரேக்கே சத்தம்போடமாட்டாள். சிரித்த முகத்தோடு டிராகன் மாடிக்கு மாற்றிவிடுவாள். அங்கே போட்டுப் பார்க்கப் பச்சை வால்தான் இருக்கிறது.

சபைக்குத் தெரிந்தால் அதைவிட மோசம். பிரெடெரிசியா நகரில் அவள் போகும் தமிழ்ப் பெந்தெகொஸ்தே சபையில் நகை போடுவதில்லை. ஞானஸ்நானத்துக்கு முன்னம் பாஸ்டரம்மா கைக்குட்டையை விரித்துப் பிடிக்க, கிருபாமலர் தோடுகளைக் கழற்றி அதில் வைத்தாள். முழு மனதோடுதான் வைத்தாள், பிறகு ஒருநாளும் அவற்றைத் தேடவில்லை. காதுத் துளைகள்தான் தூர்ந்துபோக மறுத்தன.

பிளாஸ்டிக் கிரீடம் நகையில் சேருமா என்று அவள் தன்னோடு தானே வழக்காடியதுண்டு. வழக்கு முடிந்துவிடக் கூடாது என்பதற்காக இரண்டு பக்கமும் அவளே கதைப்பாள். அந்தக் கொஞ்ச நேரம் அவள் நேசராஜாவின் மனைவியும் இல்லை, யாருக்கும் அக்காவும் இல்லை. கர்த்தரோடுகூட அப்போது சற்றுச் சரிசமமாகக் கதைப்பாள். அவர் கோபித்ததாகத் தெரியவில்லை.

இன்றைக்கு மட்டும் பயம் இருந்தது. இலையுதிர்கால விடுமுறைக்குப் பாஸ்டரம்மாவே மகள் குடும்பத்தோடு வந்து, இதே மாடியில் கடைசி ராணி அறையில் தங்கியிருந்தார். பேத்தி ஹன்னாவுக்குப் பிறந்தநாள். பாஸ்டர் ஞாயிறு ஆராதனைக்காகப் பிரெடெரிசியாவிலேயே நின்றுவிட்டார். கிருபாமலர் கதவை உள்ளே பூட்டிக்கொண்டுதான் கிரீடத்தைத் தொட்டாள்.

கைபேசி அதிர்ந்தது. கையுறையைக் கழற்றிப் பார்த்தாள். சபையின் ஜெபக் குழுவில் ஒரு படம்.

ராணி அறையின் கண்ணாடி முன்னால், பின்பக்கம் காட்டி ஒரு பெண். கண்ணாடியில் முகம் இருக்கவேண்டிய இடத்தில் பிளாஷின் வெள்ளை வெளிச்சம். எளிய கொண்டை. சாம்பல்நிறக் கம்பளிச் சட்டை. தலையில் கிரீடம்.

கிருபாமலர் தன் தலையிலிருந்த கிரீடத்தைத் தொட்டுப் பார்த்தாள். பூட்டிய கதவைத் திரும்பிப் பார்த்தாள். யார் எடுத்தது, எந்த வழியால் எடுத்தது? மறுபடி படத்தைப் பார்த்தபோதுதான் மூச்சு வந்தது. கிரீடம் நேராக இருந்தது. சோற்றுப் பானைக்கு மூடி போட்டதுபோல, கீழே அமுக்கி, மிக நேராக. அது அவள் இல்லை. தான் வேலைச் சீருடையில் நிற்பது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

படம் வந்தது பாஸ்டரம்மாவின் எண்ணிலிருந்து.

குழுவில் படம் போட்டால் அதற்காக ஜெபிக்க வேண்டும் என்பது சபையின் வழக்கம். வைத்தியசாலைக் கட்டில், விசாக் கடிதம், ஓடாத கார், எல்லாம் அப்படித்தான் வரும். அந்தோனிதாசன் அண்ணை எதற்கும் போடுவதுபோல இதற்கும் முதல் ஆளாக ஆமென் போட்டிருந்தார். அடுத்ததாக நிரோஜினி, இது கிருபாமலர் அக்கா வேலை செய்யிற இடமெல்லோ என்று கேட்டிருந்தாள். பின்பக்கம் அவவைப் போலத்தான் கிடக்கு என்றாள் தர்ஷனா. பிறகு ஜெப மழை. சகோதரியின் விடுதலைக்காக. உலக ஆசைகளிலிருந்து மீட்பு உண்டாக. கண்ணீர் வடிக்கும் முகங்கள். தனக்காக இத்தனைபேர் இவ்வளவு விரைவாக ஒருநாளும் ஜெபித்ததில்லை என்று கிருபாமலருக்குப் பட்டது. காய்ச்சலில் கிடந்தபோது இரண்டு ஆமென்தான் வந்தது.

கதவு தட்டப்பட்டது. அவள் கிரீடத்தைத் தலையணைமேல் வைத்துவிட்டுத் திறந்தாள்.

சாம்பல்நிறக் கம்பளிச் சட்டையோடு பாஸ்டரம்மா உள்ளே வந்து கதவைச் சாத்தினார். சபையில் மைக் பிடித்து நிற்கும் பெண் போல இல்லை. பூங்காவில் பிள்ளையைத் தொலைத்தவர்போல இருந்தார். நெற்றியில் கிரீட விளிம்பு பதிந்த சிவப்புக் கோடு நேராக ஓடியது.

நடந்ததை அவர் ஒரே மூச்சில் சொன்னார். போடும்படி ஹன்னா கெஞ்சியது. குழந்தையின் ஆசைக்காக ஒரு கணம் போட்டது. ஹன்னா அவருடைய கைபேசியிலேயே படமெடுத்து அம்மாவுக்கு அனுப்பப்போய், எல்லாவற்றுக்கும் மேலே நின்ற ஜெபக் குழுவுக்கு அனுப்பியது. பதறி அழித்தபோது படம் அவருடைய கைபேசியிலிருந்து மட்டும் அழிந்தது. இனி அதைக் குழுவிலிருந்து யாராலும் நீக்க முடியாதாம். ஒரு கணம் என்பதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். அவ்வளவு ஆழமாகக் கோடு விழ ஒரு கணம் போதாது என்பது கிருபாமலருக்குத் தெரியும்.

பாவமாகத்தான் இருந்தது. அதோடு ஒரு சின்னச் சந்தோஷமும் உள்ளே ஓடித் திரிந்தது. அதைப் பிடித்துவைக்க அவள் அவசரப்படவில்லை.

"அவையளே உன்னை எண்டு நினைச்சிட்டினம், கிருபா," என்றார் பாஸ்டரம்மா. "நீ ஓம் எண்டு ஒரு சொல்லுப் போட்டாக் காணும். ஞாயிற்றுக்கிழமை எழும்பி நிண்டு, இனிமேல் தொடமாட்டன் எண்டு சாட்சி சொல்லு. மிச்சத்தை நான் பாக்கிறன். உன்னை ஒருத்தரும் ஒண்டும் கதைக்க விடமாட்டன்."

கிருபாமலர் தலையணை உறையின் மடிப்பை நீவினாள். பாஸ்டரம்மாவின் கண் அவளுடைய முகத்தில் ஏறி, நெற்றியில் நின்றது. நின்றது மட்டுமல்ல, மெல்ல விரிந்தது.

"உன்ர நெத்தியிலயும் கோடு கிடக்கு," என்றார். குரல் இறங்கி, ஏறக்குறையச் சிநேகிதியின் குரலாகிவிட்டது. "அப்ப அது பொய்யும் இல்லைத்தானே, பிள்ளை?"

வழக்கின் இரண்டு பக்கத்தையும் கதைத்துப் பழகியவளுக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. உண்மைதான், அது முழுப் பொய்யாகாது. பத்துப் பேர் முன்னால் நின்று இனித் தொடமாட்டேன் என்று சொல்லலாம். சொன்னால் சொன்னதுதான், அவள் வாக்கு மாறுகிறவள் இல்லை. அதற்குப் பிறகு இந்த அறைக்குள் கூட்டித் துடைக்கிறவள் மட்டும்தான் வருவாள். கண்ணாடியில் தன்னை ஏறிட்டுப் பார்க்கும் அந்த அலட்சியக்காரி வேறெங்கே போவாள்?

கண்ணாடியில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் தெரிந்தார்கள். நான்கு காதுகளிலும் துளைகள் அப்படியே இருந்தன. பாஸ்டரம்மாவின் கோடு நேராக இருந்தது. அவளுடையது இடப்பக்கம் சரிந்திருந்தது.

கிரீடத்தை எடுத்து, துணியால் இன்னொருமுறை துடைத்து, அவள் தலையணைமேல் வைத்தாள்.

"நான் ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லமாட்டன், பாஸ்டரம்மா," என்றாள் மெதுவாக. "ஆனா அந்தப் படத்தில இருக்கிறது நானில்லை."