மெர்லினுக்கு ஒரு சென்ட்

மூன்று மாதமாக இருதயசாமிக்கு வாசனை தெரியவில்லை. ஒரு காய்ச்சலோடு போனது, திரும்பவில்லை. யாரிடமும் அவன் சொல்லவில்லை.

சுரங்கத்தில், கரி ஓடும் கன்வேயர் பெல்ட்டுக்கு அவன் காவல். பழுப்பு நிலக்கரி தானாகவே கனலத் தொடங்கும். புகை கண்ணில் படுவதற்கு முன் நாற்றம் வரும். அதைப் பிடித்துக் குரல் கொடுக்க வேண்டும். பெல்ட்டுக்கு அடியில் சிந்திய கரியை அள்ளும் மருதமுத்து அந்தக் குரலை நம்பித்தான் குனிந்திருப்பான். இருதயசாமி பதினோரு வருடமாகக் கான்ட்ராக்ட். திங்கட்கிழமை, பெர்மனென்ட் ஆவதற்கு மெடிக்கல் டெஸ்ட்.

நைட் ஷிப்ட் முடிந்து தூங்காமல் வந்திருந்தான். பஜாரில் சக்கரபாணியின் சென்ட் கடை. மனைவி சகாயமேரியின் தங்கை மெர்லினுக்கு அடுத்த வாரம் கல்யாணம்.

“மல்லியா, தாழம்பூவா? நீங்களே சொல்லுங்க. நான் எடுத்தா எங்கம்மா நொட்டை சொல்லும்” என்றாள் கூட வந்த சகாயமேரி.

“ரெண்டுல ஒண்ணு எடேன்.”

“தூங்கிகினே பேசாதீங்க.”

சக்கரபாணி அவளுடைய வலது மணிக்கட்டில் ஒரு சொட்டு தடவினார். அவள் நீட்டினாள். இருதயசாமி குனிந்து முகர்ந்தான். தோலின் சூடு மட்டும் தெரிந்தது.

“நல்லாருக்கு.”

அடுத்த குப்பியின் மூடி இறுகியிருந்தது. சக்கரபாணி திருகிக்கொண்டிருந்தார். சகாயமேரி இடது கையை நீட்டியபடி காத்திருந்தாள். இருதயசாமி அதையும் பிடித்து முகர்ந்தான்.

“இதான். இதையே எடு. முன்னது கொஞ்சம் தூக்கலா இருக்கு.”

சக்கரபாணி சிரித்துவிட்டார். “அந்தக் கையில இன்னும் ஒண்ணும் தடவலியே தம்பி! மச்சினி கல்யாணம்னதும் மூக்குக்கு அவ்ளோ அவசரமா?”

சகாயமேரி சிரிக்கவில்லை. கணவன் முகத்தையே பார்த்தாள்.

“தோ வர்றோம்ண்ணே” என்று அவனை வெளியே அழைத்து வந்தாள்.

“அன்னிக்குப் பால் தீஞ்சப்பவும் பக்கத்துலதான் ஒக்காந்துகினு இருந்தீங்க.”

அவன் சைக்கிள் சீட்டைத் துடைத்தான்.

“எத்தினி நாளா?”

“ஈஸ்டருக்கு முன்னாலேருந்து.”

“மருதமுத்து அண்ணனுக்குத் தெரியுமா?”

“இல்ல. திங்கக்கிழம முடிஞ்சதும் சொல்லலாம்னு.”

“இன்னிக்கு நைட்டு அடியில யாரு?”

“அவன்தான்.”

ஒரு பஸ் திரும்பிப் போனது.

“சூப்பர்வைசர் பதினோரு மணி வரைக்கும் இருப்பாரு” என்றான்.

“மெடிக்கல்?”

“வேற எங்கனா போடுவாங்க. போடலைன்னா போடல.”

“பதினோரு வருசங்க.”

“ஆமா.”

அவள் புடவைத் தலைப்பால் மணிக்கட்டைத் துடைத்தாள். “போய்ச் சொல்லிட்டு வூட்டுக்கு வந்து தூங்குங்க. சென்ட்டை நான் பாத்துக்கறேன்.”

அவன் சைக்கிளில் ஏறவில்லை. தள்ளிக்கொண்டே மைன்ஸ் ஆபீஸ் பக்கம் நடந்தான்.