உடனிருப்பவர்

“கூட யார் வந்திருக்காங்க?” என்று கேட்டாள் மருத்துவமனைக் கவுண்டரில் இருந்த பெண். தலையை நிமிர்த்தவில்லை.

“யாரும் வரல. நான் மட்டும்தான்.”

“நீங்க யாருக்காக வந்திருக்கீங்க?”

“எனக்காகத்தான்.”

அப்போதுதான் அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். படிவத்தை இவள் பக்கமாகத் திருப்பி, பேனா முனையால் இரண்டு கட்டங்களைத் தொட்டுக் காட்டினாள். உடனிருப்பவர் பெயர். நோயாளிக்கு என்ன உறவு. “இது ரெண்டும் காலியா இருந்தா ஆபரேஷனுக்கு எடுக்க மாட்டாங்கம்மா. வியாழக்கிழமை சேர வரும்போது அவங்களையும் கூட்டிட்டு வாங்க.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் இருபத்தாறு வருஷமாக அவள் மற்றவர்களிடம் சொல்லிவந்த வார்த்தை அது. கட்டத்தைக் காலியா விடக்கூடாது. கூரை வரை அடுக்கியிருக்கும் தடித்த பதிவேடுகளில் எந்த வருஷம் எந்தத் தட்டில் என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் எடுத்துத் தருவாள். அதனால் அலுவலகத்தில் அவளுக்கு ‘ரெக்கார்டு அக்கா’ என்று பெயர். யாருக்கு யார் மகன், யார் இறந்ததை யார் வந்து சொன்னது, எல்லாம் அவளிடம் இருந்தது. தன்னுடைய இரண்டு கட்டத்தில் எழுத ஒரு பெயர்தான் இல்லை.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தாள். மகன் கப்பலில் எஞ்சினியர். இறங்க இன்னும் நான்கு மாதம். சொன்னால் நடுக்கடலில் உட்கார்ந்து என்ன செய்வான், தலையில் கைவைத்துக்கொள்வதைத் தவிர? அலுவலகத்தில் ஒருத்தியிடம் சொன்னால் போதும், மதியச் சாப்பாட்டுக்குள் வாசல் காவலாளி வரை தெரிந்துவிடும். அப்புறம் எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்துப் பேச மாட்டார்கள், கொஞ்சம் கீழே பார்த்துத்தான் பேசுவார்கள். மாடி வீட்டு அம்மா நல்லவள். ஆனால் தும்மினாலே அழுகிறவள். அவளைக் கூட்டிப்போனால் அவளுக்கு ஆறுதல் சொல்லவே நேரம் சரியாக இருக்கும். இப்படி ஒவ்வொரு பெயராக அடித்துக்கொண்டே வந்தபோது, அடிக்க மனம் வராமலும் எழுத மனம் வராமலும் ஒரு பெயர் நின்றது. குட்டி.

குட்டி அவள் நாத்தனார். கணவனின் ஒரே தங்கை. ஐம்பது வயதும் ஆள் நின்றால் வாசலை அடைக்கும் உடம்புமாக ஆன பிறகும் அந்தக் குடும்பத்தில் அவள் குட்டிதான். பக்கத்து ஊரில் கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளி வைத்திருந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. “நான் மிதிச்சாத்தான் வண்டி நிக்கணும், இன்னொருத்தன் மிதிச்சு நான் நிக்க மாட்டேன்” என்பாள். இருவரும் பேசி ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. கணவன் எட்டு மாதம் படுக்கையில் கிடந்து இறந்த அன்று, கூடியிருந்த அத்தனை பேர் முன்னாலும் குட்டி அவளைப் பார்த்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். “நீங்க பாத்துக்கிட்ட லட்சணம் இதுதான்.” வேறொன்றும் சொல்லவில்லை. அந்த ஒன்று போதுமானதாக இருந்தது. வில்லிலிருந்து போன அம்பை யார் திருப்பி வாங்கியிருக்கிறார்கள்?

இரண்டு நாள் தள்ளிப்போட்டு, செவ்வாய்க்கிழமை மதியம் போன் செய்தாள். எண் மாறியிருக்கவில்லை.

“குட்டி, நான்தான்.”

மறுமுனையில் எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு குட்டியின் குரல், வேறு யாரிடமோ: “வலது பக்கம் ஒடிங்க சார். அது இடது. வலது சார், வலது!” அப்புறம், “சொல்லுங்க அண்ணி.”

நான்கு வாக்கியத்தில் சொல்லி முடித்தாள். கட்டி என்ற சொல்லை ஒருமுறையும், புற்று என்ற சொல்லை ஒருமுறையும் சொன்னாள். ஆபரேஷன் வெள்ளிக்கிழமை என்றாள்.

“எந்தப் பக்கம்?”

“இடது.”

“நாளைக்கு வர்றேன். வண்டியை ஓரமா நிறுத்துங்க.”

அந்தக் கடைசி வாக்கியம் தனக்கில்லை என்று புரிய அவளுக்கு ஒரு கணம் ஆயிற்று.

புதன்கிழமை குட்டி ஒரு பெரிய பையோடு வந்து இறங்கினாள். வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். அண்ணனின் செருப்பு இருந்த இடத்தில் இப்போது துடைப்பம் இருந்ததை ஒரு நொடி பார்த்தாள். “காலையில எத்தனை மணிக்குக் கிளம்பணும்?” என்று கேட்டாள். அவ்வளவுதான். மறுநாள் கவுண்டரில் படிவத்தை வாங்கி, நோயாளிக்கு என்ன உறவு என்ற கட்டத்தில் பெரிய எழுத்தில் ‘நாத்தனார்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கவுண்டர் பெண் படித்துவிட்டு, “அக்கா தங்கச்சி யாரும் இல்லையா?” என்றாள். “ஏன், நாத்தனார் கையெழுத்துப் போட்டா கத்தி வெட்டாதா?” என்றாள் குட்டி.

வெள்ளிக்கிழமை காலை டாக்டர் வந்து, நீல மைப் பேனாவால் அவள் இடது மார்புக்கு மேல் ஒரு அம்புக்குறி வரைந்தார். தவறிக்கூட மற்றப் பக்கம் போய்விடக்கூடாது என்பதற்காம். ஐம்பத்து நான்கு வருஷம் தன்னோடு இருந்த ஒன்றுக்கு அவர் விலாசம் எழுதுவதுபோல இருந்தது. மகன் பால் குடித்ததை நினைக்க வேண்டும் என்று முயன்றாள், அந்த நேரத்துக்குப் பொருத்தமாக. நினைவு வரவில்லை. மோதிரம் கழலவில்லை என்பதுதான் கவலையாக இருந்தது. குட்டி அவள் விரலைச் சோப்புத் தண்ணீரில் முக்கி, திருகித் திருகி எடுத்தாள். அண்ணன் போட்ட மோதிரம். அதைத் துடைத்துத் தன் சுண்டுவிரலில் மாட்டப் பார்த்தாள், ஏறவில்லை, பர்சுக்குள் வைத்தாள். தள்ளுவண்டி கிளம்பியபோது ஆறுதலாக ஏதாவது சொல்வாள் என்று இவள் பார்த்தாள். குட்டி வண்டி தள்ளுகிறவனிடம் பேசிக்கொண்டிருந்தாள். “தம்பி, திருப்பத்துல மெதுவா. சுவத்துல இடிக்கப் போறீங்க.”

கண் விழித்தபோது இடது பக்கம் பெரிய கட்டும், அதிலிருந்து இறங்கிய ரப்பர்க் குழாயும், குழாயின் முனையில் சிவப்பு நீர் சேரும் புட்டியும் இருந்தன. அந்தப் புட்டியைத் துணிப்பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டுதான் எங்கேயும் போக வேண்டும். மறுநாளே நடக்கச் சொன்னார்கள். குட்டி கூடவே வந்தாள். “அவசரம் இல்ல. முதல் கியர்லயே வாங்க. முன்னால ஆள் வருது, பிரேக்.” வார்டில் படுத்திருந்தவர்கள் சிரித்தார்கள். சிரித்தால் தையல் இழுத்தது.

அன்று பிற்பகல்தான் அது நடந்தது. அவள் கண்ணை மூடிப் படுத்திருந்தாள், தூங்கவில்லை. பக்கத்துக் கட்டில்காரியின் அம்மா குட்டியிடம் பேச்சுக் கொடுத்தாள்.

“உங்க அக்காவா?”

“இல்ல, அண்ணி. எங்க அண்ணன் சம்சாரம்.”

“அண்ணன் வரலியா?”

“அவர் போயி ஒன்பது வருஷம் ஆச்சு. எட்டு மாசம் படுக்கைதான். இவங்க ஒரு நாள் முகம் சுளிச்சதில்ல. கைக்குழந்தையைப் பாக்குற மாதிரி பாத்தாங்க. பெத்த தாய்கூட அப்படிப் பாத்திருக்க மாட்டா.”

அந்த அம்மா ‘உச்’ கொட்டினாள். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. இவள் அசையவில்லை. ஒன்பது வருஷம் அவள் காத்திருந்த வார்த்தை, முன்பின் தெரியாத ஒரு கிழவியிடம், மருந்து வாடையடிக்கும் அறையில், யாரோ யாருக்கோ வழி சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொல்லப்பட்டுவிட்டது. கண்ணிலிருந்து நீர் பக்கவாட்டில் வழிந்து காதுக்குள் இறங்கியது. துடைக்கலாம் என்றால் இடது கை எழும்பாது, வலது கையில் ஊசி. வழிய விட்டாள். சிறிது நேரம் கழித்து ஒரு கை வந்து போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டது. குட்டி பார்த்தாளா, பார்க்கவில்லையா என்று கடைசிவரை தெரியவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு குட்டி தினமும் காலையில் புட்டியின் நீரை அளந்து நாட்காட்டியில் குறித்தாள். தொண்ணூறு மில்லி, எழுபது, ஐம்பத்தைந்து. ஒருநாள் அப்படிக் குறித்துக்கொண்டிருந்தபோது இவள் தைரியத்தைக் கூட்டிக்கொண்டு ஆரம்பித்தாள்.

“குட்டி, அன்னிக்கு ஆஸ்பத்திரியில நீ அந்தம்மாகிட்ட...”

“மாத்திரை போட்டீங்களா?”

“போட்டேன். அதில்ல, நீ...”

“மஞ்சள் மாத்திரையும் போட்டீங்களா? அது சாப்பிட்டுப் போடணும், மறந்துராதீங்க.” குட்டி பேனாவை மூடிவிட்டு எழுந்து போனாள். சமையலறையில் கழுவிய பாத்திரங்களே மறுபடியும் கழுவப்படும் சத்தம் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை மகன் கப்பலிலிருந்து அழைத்தான். லேசான சளி, லீவு போட்டிருக்கிறேன் என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே உள்ளேயிருந்து குட்டியின் குரல் வந்தது: “துண்டு எங்க காயப் போட்டீங்க?” அந்தக் குரலுக்கு நடுக்கடலும் ஒரு தூரமா?

“அம்மா, அது குட்டி அத்தையா?”

அவள் அவசரமாகப் போனைக் கையால் பொத்தினாள்.

“என்னம்மா ஆச்சு? அத்தை எதுக்கு அங்க வந்திருக்காங்க?”

“ஒண்ணுமில்லடா. சும்மாதான். நாங்க... சமாதானம் ஆயிட்டோம்.”

மகன் சிரித்தான். சின்ன வயதில் சிரித்ததுபோல, மூச்சு வாங்கச் சிரித்தான். “எனக்கு இது போதும்மா. நீ அங்க தனியா இருக்கேன்னு நான் எத்தனை நாள் தூங்காம இருந்திருக்கேன் தெரியுமா? இனிமே நிம்மதி.” போனை வைத்த பிறகும் அவள் அதைக் கையிலேயே வைத்திருந்தாள். மகனுக்கு அவள் கொடுத்ததிலேயே பெரிய சந்தோஷம் இந்தப் பொய்தான் போலிருக்கிறது. கதவருகே துண்டோடு நின்ற குட்டி எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். “சமாதானமா?” என்றாள். புருவத்தை உயர்த்தினாள். “சரி, தலையைத் துவட்டுங்க” என்று துண்டை மடியில் போட்டுவிட்டுப் போனாள்.

பதினோராம் நாள் நீர் இருபதுக்கு வந்தது. குழாயை எடுத்தார்கள். மறுநாள் குட்டி கிளம்பினாள். லைசென்ஸ் பரீட்சைக்குப் போக வேண்டிய ஏழு பேர் காத்திருக்கிறார்களாம். வாசலில் பையை வைத்துவிட்டு, மோதிரத்தைப் பர்சிலிருந்து எடுத்து இவள் விரலில் தானே போட்டுவிட்டாள். ஏதோ சொல்ல வந்ததுபோல வாய் திறந்தது. “கையை ஆட்டாம வச்சிருக்காதீங்க. துரு பிடிச்சிரும்” என்றாள். பிறகு தெருவில் இறங்கித் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

வீடு பழைய வீடாக ஆயிற்று. ஆனால் பழைய அமைதியாக அது இல்லை. யாரோ இருந்து போன பின் வருகிற அமைதிக்குக் கனம் அதிகம். குளியலறைக் கண்ணாடி, கணவன் நின்று முகம் மழிக்கும் உயரத்தில் மாட்டியது. அதில் அவளுக்குக் கழுத்துக்கு மேல்தான் தெரியும். இத்தனை வருஷமும் அது போதுமாக இருந்தது. மூன்றாம் நாள் ஒரு ஸ்டூலைப் போட்டு, வலது கையால் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு ஏறி நின்று, மேல்சட்டையை விலக்கினாள். வலது பக்கம் அவளுக்குத் தெரிந்த உடம்பு. இடது பக்கம் தட்டையாக, அக்குள் வரை ஓடும் ஒரு செந்நிறக் கோடு. பயங்கரமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். அப்படி இல்லை. கத்தரித்துத் தைத்து வேலையை முடித்துவிட்டுப் போய்விட்டார்கள், அவ்வளவுதான். குளிக்க வைத்திருந்த வெந்நீர் ஆறும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். பாருங்களேன் என்று கூப்பிட ஓர் ஆள் வேண்டும் என்று இருந்தது. அழுவதற்குக்கூட இல்லை, சும்மா பார்ப்பதற்கு.

பரிசோதனை முடிவை வாங்கத் தனியாகத்தான் போனாள். வேறெங்கும் பரவவில்லை, மாத்திரை போதும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாருங்கள் என்றார் டாக்டர். “வீட்ல எல்லார்கிட்டயும் சொல்லுங்க, சந்தோஷப்படுவாங்க” என்றார். சொல்வதாகத் தலையாட்டினாள். வெளியே வந்து குட்டிக்குப் போன் செய்தாள். விஷயத்தைச் சொன்னதும் குட்டி “ம்” என்றாள். கொஞ்சம் பொறுத்து இன்னொரு “ம்.” பிறகு, “கை எதுவரைக்கும் தூக்குறீங்க?”

“காது வரைக்கும்.”

“இன்னும் தூக்கணும்.”

ஆறு வாரம் கழித்து வேலைக்குப் போனாள். வயிற்றில் சின்ன ஆபரேஷன் என்று சொல்லி வைத்திருந்தாள். சட்டைக்குள் இடது பக்கம் பஞ்சடைத்த துணி. பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. யாரும் இடிக்காமலிருக்கக் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். மூன்றாவது நிறுத்தத்தில் கூட்டம் ஏறியது. இடுப்பில் ஒரு பெண்குழந்தையும் தோளில் இரண்டு பைகளுமாக ஒரு இளம்பெண் தள்ளாடி வந்து நின்றாள்.

“கொஞ்சம் வச்சுக்கிறீங்களாக்கா?” கேட்டு முடிப்பதற்குள் குழந்தை இவள் மடிக்கு வந்துவிட்டது.

நான்கு வயதிருக்கும். பாதித் தூக்கத்தில் இருந்தது. கைப்பையைத் தள்ளிவிட்டு, வசதி பார்த்து, நேராக இடது பக்கத்தில் தலையைச் சாய்த்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு வலிக்காகக் காத்திருந்தாள். வலி வரவில்லை. ஒன்றுமே வரவில்லை. அந்த இடத்தில் தோல் மரத்துப் போயிருந்தது. தலை அங்கே இருப்பது குனிந்து பார்த்தால்தான் தெரிந்தது. வாய் லேசாகத் திறந்து, எச்சில் சட்டையை நனைத்து, குழந்தை ஆழ்ந்து தூங்கியது. மெத்தை சரியில்லை என்று அதற்குப் புகார் ஒன்றும் இல்லை.

அலுவலக நிறுத்தம் வந்தது. கதவு திறந்தது. குழந்தையின் அம்மா கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே கண்ணயர்ந்திருந்தாள். இவள் எழவில்லை. பஸ் கிளம்பி, இதற்கு முன் அவள் போயிராத தெருக்களில் போக ஆரம்பித்தது. ஒரு திருப்பத்தில் குழந்தையின் தலை சற்று மேலே நகர்ந்தது. கழுத்தெலும்புக்குக் கீழே, உணர்ச்சி தொடங்குகிற அந்த ஓரத்தில், வெதுவெதுப்பாக ஒரு மூச்சு பட்டது. விலகியது. மறுபடியும் பட்டது.